சோதிப்பவர் யார், வசூலிப்பவர் யார்?

2024 நவம்பரில் ஒரு நாள் காலை. இறைவணக்கக் கூட்டம் முடிந்து வகுப்புக்குப் போகும் வழியில், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா என்னைப் பார்க்கக் காத்திருந்தார். கையில் அலைபேசி. தெரிந்தவர் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு கோப்பு வந்திருக்கிறது. தொட்டுத் திறந்திருக்கிறார். மறுநாள் வங்கிக் கணக்கில் 22,000 ரூபாய் இல்லை. தக்காளி விற்று வந்த பணம்.

"ஏதோ கேட்டுச்சு டீச்சர். நீங்க அன்னிக்குச் சொன்ன மாதிரியே சரி, சரின்னு குடுத்துட்டேன்" என்றார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அதற்கு ஏழெட்டு மாதங்களுக்கு முன், என்னிடம் படித்துப் பொறியியல் கல்லூரிக்குப் போன மாணவன் ஒருவன் வரைபடப் பயிற்சிக்காக ஒரு சிறு செயலி செய்து தந்திருந்தான். ஆறுகள், மலைகள், துறைமுகங்கள் எங்கே என்று தொட்டுக் காட்ட வேண்டும். நன்றாகவே இருந்தது. பிளே ஸ்டோரில் போடக் கணக்குத் தொடங்க 25 டாலர் கட்ட வேண்டும். அவனிடம் அப்போது இல்லை. எனவே ஏ.பி.கே. கோப்பாக அனுப்பினான். நான் அதை வகுப்புக் குழுவில் பகிர்ந்தேன். எச்சரிக்கை வருகிறதே என்று பெற்றோர் கேட்டபோது, "பயப்படாதீங்க, அனுமதி குடுங்க, சரின்னு அமுக்குங்க" என்று குரல் பதிவும் போட்டேன்.

இதில் எனக்கு அப்போது தெரியாத ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டில் அந்த அனுமதி நாம் நிறுவும் ஒரு செயலிக்கு மட்டும் தரப்படுவதில்லை. அந்தக் கோப்பைக் கொண்டுவந்த வாட்ஸ்அப்புக்குத் தரப்படுகிறது. நாமாக அமைப்புகளில் போய் அணைக்கும்வரை அது திறந்தே இருக்கும். அதைவிடப் பெரிய தவறு, எச்சரிக்கை வந்தால் 'சரி' என்று அமுக்குவதற்கு நாற்பது குடும்பங்களைப் பழக்கியது. புதிதாக வந்த செயலி குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி கேட்டது, அவர் தந்தார், வங்கி அனுப்பிய ஓ.டி.பி. வேறு கைக்குப் போயிற்று. தலைமையாசிரியர் அறையிலிருந்தே 1930 எண்ணுக்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்தோம். பணம் இதை எழுதும்வரை வரவில்லை.

அதுவரை நான் கடைக்காரரின் கட்டுப்பாட்டை எதிர்ப்பவளாகவே இருந்தேன். ஒரு மாணவன் செய்த பாடச் செயலியை மக்களிடம் கொண்டுபோக எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் அனுமதி எதற்கு என்பது என் எண்ணம். அந்த அப்பாவின் முகத்தைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. இதையே பாடமாக எடுக்கலாம் என்று தோன்றியது. சந்தை, முற்றுரிமை, நுகர்வோர் உரிமை ஆகிய சொற்களைக் கீழ் வகுப்பிலேயே படித்துவிட்டு வந்த பிள்ளைகள்தானே. இரண்டு பாடவேளைகள் ஒதுக்கினேன். செயலிக் கடையின் உரிமையாளர், அங்கே நடக்கும் விற்பனையைக் கட்டுப்படுத்தலாமா? கரும்பலகையில் இந்தக் கேள்வியை எழுதிவிட்டு, யார் எந்தப் பக்கம் என்று கை தூக்கச் சொன்னேன். ஏறக்குறைய எல்லாக் கைகளும் 'கட்டுப்படுத்தலாம்' பக்கம். "அவங்க கடை, அவங்க இஷ்டம்" என்பதுதான் காரணம்.

பிறகு ஒரு கதை சொன்னேன், கதையல்ல, வழக்கு. ஆப்பிள் நிறுவனம் தன் ஆப் ஸ்டோரை 2008 ஜூலையில் சுமார் 500 செயலிகளுடன் திறந்தது. விற்பனையில் 100க்கு 30 கடைக்கு, 70 செய்தவருக்கு. 'ஃபோர்ட்நைட்' விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம் 2020 ஆகஸ்ட் 13 அன்று ஒரு வேலை செய்தது. விளையாட்டுக்குள் வாங்கும் நாணயங்களுக்கு ஆப்பிள் வழியாகச் செலுத்தினால் 9.99 டாலர், நேரடியாக எங்களிடம் செலுத்தினால் 7.99 டாலர் என்று திரையிலேயே இரண்டு விலையைக் காட்டியது. அன்றே ஆப்பிள் அந்த விளையாட்டைக் கடையிலிருந்து எடுத்தது. கூகுளும் எடுத்தது. அன்றே எபிக் இருவர் மீதும் வழக்குப் போட்டது.

விளையாட்டின் பெயரைச் சொன்னதும் கடைசி வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது. எந்த விளையாட்டில் 'டைமண்ட்' என்ன விலை என்று எனக்கே வகுப்பெடுத்தார்கள். அந்தப் பேச்சை ஐந்து நிமிடம் ஓடவிட்டேன். விழுக்காட்டுக் கணக்கைக் கணித ஆசிரியர் சொல்லியும் வாங்காத ஒருவன், 9.99க்கு 30 விழுக்காடு என்றால் கடைக்கு எவ்வளவு என்று மனக்கணக்காகவே சொன்னான்.

"மண்டியில நூத்துக்குப் பத்து எடுக்குறாங்க டீச்சர். இதுல முப்பதா?" என்றான் ஒருவன். எங்கள் பள்ளி ஒட்டன்சத்திரம் பக்கம். பாதிப் பிள்ளைகளின் வீட்டில் யாராவது ஒருவர் காய்கறிச் சந்தையோடு தொடர்புடையவர். கமிஷன் என்ற சொல்லுக்கு அவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. "மண்டிக்காரர் சரியில்லன்னா அடுத்த கடைக்கு மூட்டையத் தூக்கிட்டுப் போயிரலாம். இதுல எங்க போறது?" என்று அவனே தொடர்ந்தான். முற்றுரிமை என்பதை நான் இதைவிடத் தெளிவாக நடத்தியதில்லை.

அப்போது அந்த மாணவி எழுந்தாள். வீட்டில் நடந்ததை அவள் பெயரோடு இணைத்து வகுப்பில் பேச மாட்டேன் என்று முன்பே அவளிடம் சொல்லியிருந்தேன். அவளே பேசினாள். "கடைக்காரங்க கட்டுப்படுத்துறதுதான் சரி. எங்கப்பா கடையிலருந்து எடுக்கல. அதனாலதான் காசு போச்சு. முப்பது ரூபா போனாப் போகட்டும்."

வகுப்பு அமைதியாகிவிட்டது. எனக்கும் பதில் இல்லை. மணி அடித்தது. விவாதப் பாடத்தை இரண்டு வேளைகளாகப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். அன்று நான் ஏதாவது சொல்லி முடித்திருந்தால் அது சமாதானமாகத்தான் இருந்திருக்கும்.

அன்றிரவு இரண்டாம் வேளைக்காகக் குறிப்பு எடுத்தபோது கவனித்தேன். அந்தப் பெண் சொன்னது சோதனையைப் பற்றி. அந்தப் பையன் சொன்னது வசூலைப் பற்றி. இருவரும் ஒரே கேள்விக்கு விடை சொல்லவில்லை. கரும்பலகையில் நான் எழுதிய 'கட்டுப்படுத்தலாமா' என்ற ஒரு சொல்லுக்குள் நாலைந்து வேலைகள் கட்டிக் கிடந்தன. தவறு என் கேள்வியில்.

மறுநாள் அந்தக் கட்டை அவிழ்த்தோம். கடை என்னென்ன செய்கிறது? செயலியில் நச்சு நிரல் இருக்கிறதா என்று பார்க்கிறது. தன் கணினிகளில் வைத்து எல்லோருக்கும் இறக்கித் தருகிறது. பணம் வாங்கிக்கொடுக்கிறது, திருப்பிக் கேட்டால் தருகிறது. தேடும்போது எது முதலில் வர வேண்டும் என்று முடிவு செய்கிறது. கமிஷன் எடுக்கிறது. வெளியே மலிவாகக் கிடைக்கும் என்று வாங்குபவரிடம் சொல்லக்கூடாது என்கிறது. இவற்றில் எவை ஒரே கையில் இருந்தே ஆக வேண்டும்?

"எடை போடுறவரும் வெலை சொல்றவரும் ஒரே ஆளா இருந்தா எங்க தாத்தா அங்க மூட்டைய எறக்க மாட்டாரு" என்றாள் ஒரு மாணவி.

இதைப் பிரிக்க முடியுமா என்பதற்கு உழவர் சந்தையை எடுத்துக்காட்டாகச் சொன்னேன். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதலாவது தொடங்கியது. உண்மையான விவசாயிதானா என்று அதிகாரிகள் சரிபார்த்து அடையாள அட்டை தருவார்கள், அது காவல். தராசும் தருவார்கள். ஆனால் கமிஷன் கிடையாது. உடனே ஒருவன் கேட்டான், "அது கவர்மெண்டு நடத்துது டீச்சர். அவங்க கம்பெனி. கரண்டு பில்ல யாரு கட்டுறது?" நியாயமான கேள்வி. கடை நடத்தச் செலவு உண்டு. அதற்குக் கட்டணம் கேட்பதை யாரும் தவறு என்று சொல்ல முடியாது. ஆப்பிள், கூகுள் இரண்டுமே பின்னர் சிறு நிறுவனங்களுக்குக் கமிஷனை 15 விழுக்காடாகக் குறைத்தன. அந்தக் குறைப்பு கடைக்காரர் தாமாகப் பார்த்துக் கொடுத்தது. விற்பவர் பேரம் பேசிப் பெற்றதல்ல. வேறு கடை இல்லாத இடத்தில் எது சரியான கட்டணம் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. இதுதான் எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது.

பிரிக்க முடியும் என்பதற்கு வேறு சான்றும் ஆப்பிளிடமே இருக்கிறது. அதன் மேக் கணினிக்கான மென்பொருளை யாரும் தம் சொந்த இணையதளத்தில் விற்கலாம். ஆப்பிள் அதை நச்சு நிரலுக்காகச் சோதித்து முத்திரை தருகிறது. அப்படி வெளியே விற்பதில் கமிஷன் எடுப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்மச் சந்தைகள் சட்டத்தின்படி 2024 மார்ச் முதல் அங்குள்ள ஐபோன்களில் வேறு கடைகளும் வரலாம். அந்தக் கடைகளின் செயலிகளையும் ஆப்பிள் அடிப்படைச் சோதனை செய்கிறது. ஆக, சோதிப்பதற்காகத்தான் விற்பனையையும் கையில் வைத்திருக்கிறோம் என்ற வாதம் எனக்கு முழுமையாகப் படவில்லை.

வழக்குகள் எப்படி முடிந்தன என்று கேட்காமல் பிள்ளைகள் விடமாட்டார்கள். அமெரிக்க நீதிபதி இவான் கொன்சாலஸ் ரோஜர்ஸ் 2021 செப்டம்பரில் பத்துக் குற்றச்சாட்டுகளில் ஒன்பதில் ஆப்பிள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். ஆனால் வெளியே செலுத்தும் வழியை வாடிக்கையாளரிடம் சொல்வதைத் தடுக்கக்கூடாது என்றார். ஆப்பிள் அனுமதித்தது, அப்படி வெளியே போய் வாங்கினாலும் 27 விழுக்காடு வரை தனக்கு வேண்டும் என்றது. 2025 ஏப்ரலில் அதே நீதிபதி, ஆப்பிள் உத்தரவை மீறிவிட்டதாகத் தீர்மானித்தார். கூகுள் மீதான வழக்கில் 2023 டிசம்பரில் நடுவர் குழு எபிக் பக்கம் நின்றது. வெளிக்கடைக்குக் கதவை மூடியே வைத்தவர் பெரும்பாலும் வென்றார், கொஞ்சம் திறந்து வைத்தவர் தோற்றார். வகுப்பில் இது பெரும் சிரிப்பை வரவழைத்தது. எனக்கும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

இந்தியாவிலும் இது தூரத்து விவகாரமல்ல. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம், செயலி விற்பனையில் தன் கட்டண முறையையே பயன்படுத்த வேண்டும் என்று கட்டாயப்படுத்தியதற்காகக் கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்தது; 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை 216.69 கோடியாகக் குறைத்தது. இடையில், 2024 மார்ச் 1 அன்று, கட்டணத் தகராறில் சில இந்திய நிறுவனங்களின் செயலிகளைக் கூகுள் கடையிலிருந்து எடுத்தது. சென்னையிலிருந்து நடக்கும் பாரத் மேட்ரிமோனியும் அதில் ஒன்று. மத்திய அரசு தலையிட்ட பின் சில நாட்களில் அவை திரும்பின. பெரிய நிறுவனத்துக்கு அமைச்சர் பேசுவார். வரைபடச் செயலி செய்த என் மாணவனுக்கு யார் பேசுவார்?

அதேசமயம் கடைக்குள் இருப்பதெல்லாம் நல்லது என்ற நம்பிக்கையையும் உடைக்க வேண்டியிருந்தது. ரிசர்வ் வங்கி அமைத்த பணிக்குழு 2021ஆம் ஆண்டு அறிக்கையில், இந்தியர்களுக்குப் பல செயலிக் கடைகளில் கிடைத்த சுமார் 1,100 கடன் செயலிகளில் 600 சட்டவிரோதமானவை என்று கண்டது. காவல் இருந்தாலும் கண் அயரும். இதைக் கேட்டதும் முதல் நாள் பேசிய அந்த மாணவி, "அப்ப சோதிக்கிறவங்களையும் யாராவது சோதிக்கணும் டீச்சர்" என்றாள். கரும்பலகையில் அவள் சொன்னதையும் எழுதினோம்.

மீண்டும் கை தூக்கச் சொன்னேன், இம்முறை இரண்டு கேள்விகள். செயலிகளைச் சோதிக்கும் உரிமை கடைக்கு வேண்டுமா? எல்லோரும் வேண்டும் என்றார்கள். எங்கே விற்பது, எப்படிப் பணம் வாங்குவது என்பதையும் கடையே முடிவு செய்யலாமா? ஒன்பது பேர் செய்யலாம் என்றார்கள், மற்றவர்கள் கூடாது என்றார்கள். ஒன்பது பேரின் காரணங்களையும் எழுதி வாங்கினேன். அதில் ஒருத்தி, நான்கு கடை இருந்தால் எங்கள் வீட்டில் யாருக்கும் எது நல்ல கடை என்று தெரியாது என்று எழுதியிருந்தாள். இதைத் தள்ளிவிட முடியாது. என் பாட்டியைப் போன்றவர்களுக்கு ஒரே கடைதான் வசதி.

இந்தப் பாடத்தை எடுக்க விரும்பும் ஆசிரிய நண்பர்கள் என் கேள்வியை அப்படியே எடுக்க வேண்டாம். முதலிலேயே பிரித்துக் கேளுங்கள். உங்கள் ஊரில் மண்டி இல்லையென்றால் வாரச்சந்தையின் சுங்கக் குத்தகை உதவும். வகுப்புக் குழுவில் ஏ.பி.கே. கோப்பு எதையும் பகிராதீர்கள், உங்கள் மாணவரே செய்ததாக இருந்தாலும். ஏற்கெனவே பகிர்ந்திருந்தால், அமைப்புகளில் 'அறியாத செயலிகளை நிறுவுதல்' பகுதியில் வாட்ஸ்அப்புக்கு உள்ள அனுமதியை அணைக்கச் சொல்லுங்கள். எங்கள் பெற்றோர் கூட்டத்தில் ஒவ்வொருவர் அலைபேசியையும் வாங்கிப் பார்த்தோம். பதினேழு பேரிடம் அது திறந்தே இருந்தது.

வரைபடச் செயலியைக் கடையிலேயே முறையாகப் போடுவதென்று முடிவு செய்தோம். 25 டாலரை, நம் கணக்கில் இரண்டாயிரத்துச் சொச்சம், ஆசிரியர் அறையில் பங்கிட்டுக்கொண்டோம். அதன் பிறகுதான் அடுத்த விதி தெரிந்தது. புதிதாகக் கணக்குத் தொடங்கும் தனிநபர் என்றால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாட்கள் சோதனைப் பயனராக இருக்க வேண்டும். ஒரு பெருநிறுவனத்துக்கு இது ஒன்றுமில்லை. எங்களுக்கு 12 ஜிமெயில் முகவரி சேர்ப்பதே பெரும்பாடாகிவிட்டது. ஆசிரியர்கள் ஏழு பேர், சத்துணவு அமைப்பாளர், பெற்றோர் மூவர். பதினொன்றில் நின்றது.

மகளிடம் விவரம் கேட்டுக்கொண்டு அந்த அப்பா மாலையில் பள்ளிக்கு வந்தார். அவரது முகவரியை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது கேட்டார், "இந்தத் தடவ அது ஒண்ணும் கேக்காதுல்ல டீச்சர்?"

"கேட்டா சரின்னு அமுக்காதீங்கண்ணே. எனக்கு ஒரு போன் போடுங்க" என்றேன்.