கட்டினால் கணக்குத் தீருமா?

கேள்வி: கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு லண்டன் போகிறோம். விமான டிக்கெட் எடுக்கும்போது ‘கார்பன் ஈட்டுத்தொகை’ என்று சிறு தொகை கேட்கிறார்கள். கட்டலாமா?
– வாசகி, மதுரை

பதில்: கட்டுங்கள்; பாவம் கழிந்ததாக மட்டும் நினைக்காதீர்கள்.

சென்னையிலிருந்து லண்டன் சுமார் 8,200 கிலோமீட்டர். எகானமி வகுப்பில் போய்த் திரும்ப, ஆளுக்கு ஏறத்தாழ ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு. பிசினஸ் வகுப்பு அதிக இடத்தை அடைப்பதால் அதன் பங்கு பல மடங்கு. உயரத்தில் விமானம் விட்டுச்செல்லும் வெண்புகைக் கோடுகளும் வெப்பத்தைக் கூட்டும். பல கணக்குகளில் அந்த வெப்பம் சேர்வதில்லை.

உங்கள் பணம் மரம் நடவோ, புகையில்லா அடுப்பு கொடுக்கவோ போகலாம். விமானப் புகை இன்றே காற்றில் கலக்கிறது. மரம் அதை உறிஞ்சப் பல பத்தாண்டுகள் ஆகும். நடுவே தீப்பிடித்தால் போச்சு. 2021இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் எரிந்த பெருங்காட்டுத்தீயில், இப்படி ஈடாக விற்கப்பட்ட காடுகளும் சிக்கின. ஈட்டுப் பணம் வராவிட்டாலும் நடந்திருக்கும் வேலையை ஈடாக விற்பது இன்னொரு ஓட்டை. ‘ரெஸ்பான்சிபிள் டிராவல்’ என்ற பிரிட்டிஷ் சுற்றுலா நிறுவனம், ஈட்டுத்தொகை வாங்குவதை 2009லேயே நிறுத்திவிட்டது.

எனவே முதலில் குறையுங்கள்: எகானமியில், கூடியவரை நேரடி விமானத்தில் போங்கள். இரண்டு குறும்பயணங்களுக்குப் பதில் ஒரே நீண்ட பயணம். அங்கிருந்து பாரிஸ் போவதானால் ரயில். மிச்சத்துக்கு ஈடு கட்டும்போது, ‘கோல்டு ஸ்டாண்டர்டு’ போன்ற சான்று உண்டா என்று பாருங்கள்.