புற்றுநோயாளி இளைத்தால்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

லாரி ஊரான சங்ககிரியில் எடை மேடை தெரியாதவர் கிடையாது. ஆனால், சிகிச்சைக்காகச் சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் அலையும் புற்றுநோயாளியை மட்டும் வீட்டில் யாரும் எடை பார்ப்பதில்லை. 'வியாதி வந்தா இளைக்கத்தான் செய்யும்' என்று விட்டுவிடுகிறோம். இளைப்பு மிஞ்சினால் கீமோ தள்ளிப்போகலாம். அறுவை சிகிச்சைப் புண் ஆறவும் நாளாகும்.

செய்ய வேண்டியவை

• சிகிச்சைக்கு முன்பே எடையைக் குறித்துவையுங்கள். பிறகு வாரம் ஒருநாள், காலையில் வெறும் வயிற்றில், அதே எடை மெஷினில் பார்த்து நோட்டில் எழுதுங்கள்.

• 60 கிலோ இருந்தவர் ஆறு மாதத்துக்குள் தானாக 57-க்குக் கீழே இறங்கினால், இழப்பு 5 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. ஊட்டச்சத்துக் குறைபாட்டைக் கண்டறியும் அளவுகோல்களில் இதுவும் ஒன்று. அடுத்த தேதிவரை காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

• எடை தானாகக் குறைந்ததா, பசியில்லாமல் சாப்பாடு குறைந்ததா? டாக்டர் கேட்காவிட்டாலும் இந்த இரண்டையும் சொல்லிவிடுங்கள். டயட்டீஷியனைப் பார்க்க வேண்டும் என்று நீங்களே கேளுங்கள்.

• உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை. நாமக்கல் முட்டை ஒன்றில் சுமார் 6 கிராம் இருக்கிறது. பருப்பு, பாசிப்பயறு, தயிர், மீன், கோழியும் சேரட்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

• மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரியுங்கள். வாய்ப்புண் இருந்தால், குழைந்த சாதத்தில் பருப்பும் நெய்யும் பிசைந்து, காரம் புளி இல்லாமல், ஆறவைத்துக் கொடுங்கள்.

செய்யக்கூடாதவை

• இளநீர், கஞ்சித் தண்ணீர், பழச்சாறு என்றே நாளை ஓட்டாதீர்கள். வயிறு நிறையும், புரதம் சேராது.

• 'முட்டை, கறி ஆகாது' என்று பக்கத்து வீட்டார் சொல்லும் பத்தியத்தை வைக்காதீர்கள்.

• ஆள் குண்டுதானே என்று இருந்துவிடாதீர்கள். கொழுப்புக்குள் தசை கரைவது தெரியாது. வயிற்றிலும் காலிலும் நீர் கோத்தால் எடையும் ஏமாற்றும். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா என்று பாருங்கள்.

• கீமோ நாட்களில் பச்சை முட்டை, அரைவேக்காட்டுக் கறி, கடையில் வெட்டிவைத்த பழம் கொடுக்காதீர்கள்.

• பல நாள் சரியாகச் சாப்பிடாதவருக்கு ஒரேயடியாக ஊட்டாதீர்கள். ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சட்டென இறங்கி, உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் சொல்லும் அளவில் படிப்படியாகக் கூட்டுங்கள்.

• மூக்குக் குழாய் என்றதும் 'கடைசி கட்டம்' என்று பயந்து மறுக்காதீர்கள். வாய், தொண்டையில் கதிர்வீச்சு பெறுபவர்கள் விழுங்க முடியாத வாரங்களைத் தாண்டத்தான் பெரும்பாலும் அதை வைக்கிறார்கள். விழுங்க முடிந்ததும் எடுத்துவிடுவார்கள்.