வீட்டுக் கொல்லையில் உளுந்து விதைக்கும் காலம்

நம் சங்கத்து அங்கத்தினர்களில் நெசவுத் தொழில் புரிவோர் பலருக்கு வயல் இல்லை. ஆயினும் வீட்டின் பின்புறம் ஒரு சென்டோ இரண்டு சென்டோ கொல்லை இருக்கிறது. அதில் உளுந்து விதைக்க ஏற்ற மாதம் யாது என்று அவர்கள் வினவுவதுண்டு. விதைக்கும் நாளை முதலில் தேடுதல் வேண்டா. நெற்றுப் பறிக்கும் நாளைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி வருதல் வேண்டும் என்பதே நாம் கூறும் விடையாகும்.

உளுந்து ஏறத்தாழ 65 முதல் 75 நாட்களில் முதிரும் பயிர். முளைத்துத் தழைக்கும் வரையில் அளவான மழை அதற்குத் துணை செய்யும். நெற்று கறுக்கத் தொடங்கிய பின்னர்ப் பெய்யும் மழையோ பெரும் பகை. நனைந்த நெற்றினுள் மணி ஊறிச் செடியிலேயே முளைவிடும். முளையாதது பூசணம் பிடிக்கும். ஆதலால் கடைசிப் பதினைந்து நாட்கள் வானம் வெளுத்திருத்தல் வேண்டும்.

இதனை நாம் பட்டே அறிந்தோம். கார்த்திகையில் பாவுக்குக் கஞ்சியிட்டு உலர்த்த வெயில் இராது. குழித்தறியில் நீர் ஊறும். வீட்டில் எல்லோர் கையும் ஓய்ந்திருக்கும். அப்பொழுது பறிக்க ஆள் கிடைக்குமே என்று எண்ணி, ஓர் ஆண்டு புரட்டாசி நடுவில் விதைத்தோம். செடி இடுப்பளவு தழைத்ததைக் கண்டு மகிழவும் செய்தோம். கார்த்திகையில் பறிக்கக் கைகள் இருந்தன. பறிக்கத்தக்க நெற்று இல்லை. அடைமழையில் பாதி முளைத்துவிட்டது; மீதி கறுத்துப்போயிற்று. மாவரைக்க உதவாமற் போனது ஒருபுறம் இருக்க, மறு விதைப்புக்கு வைத்திருக்க வேண்டிய விதையும் போயிற்றே என்பதுதான் பெரிய வருத்தம்.

காவிரிப் படுகையின் உழவர்கள் இக்கணக்கை நன்கு அறிந்தவர்கள். சம்பா அறுவடைக்கு ஏழு அல்லது பத்து நாட்கள் முன்பாகவே, நிற்கும் நெற்பயிரினூடே ஈரப்பதம் பார்த்து உளுந்தைத் தெளிக்கின்றனர். நெல் அறுபடும் வேளையில் உளுந்து முளைத்திருக்கும். பின்னர் மண்ணில் எஞ்சிய ஈரமும் பனியும் கொண்டே அது வளர்ந்துவிடுகிறது. கொல்லைக்கும் இந்தத் தைப் பட்டமே முதன்மையானது. தை முதல் வாரத்தில் விதைத்தால் பங்குனி நடுவில், நல்ல வெயிலில், நெற்றுக் கைக்கு வரும். மாசி பிற்பகுதிக்குத் தள்ளிப்போடுதல் நன்றன்று. வெப்பம் ஏற ஏற வெள்ளை ஈ பெருகும். அது பரப்பும் மஞ்சள் தேமல் நோய்க்கு மருந்து கிடையாது. இலையில் மஞ்சள் திட்டுக் கண்ட செடியை அன்றே பிடுங்கிவிடுக. கத்தரியும் வெண்டையும் வெள்ளை ஈக்கு விருப்பமானவை. அவற்றின் அருகே உளுந்துப் பாத்தி அமைத்தல் கூடாது.

இரண்டாவது காலம் ஆடி. ஆனால் ஆடி முதல் வாரத்திலேயே விதைத்துவிட வேண்டும். அப்பொழுதுதான் புரட்டாசி நடுவுக்குள், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, நெற்று வீடு சேரும். ஆடிக் கடைசியில் விதைத்தவர் ஐப்பசி மழையில் பறிக்க நேரிடும். இக்கணக்கு காவிரிப் படுகைக்கும் கிழக்குக் கடற்கரை ஊர்களுக்கும் உரியது. மேற்கு மாவட்டத்து அங்கத்தினர்கள் தத்தம் ஊர் மழையைக் கொண்டு எண்ணிக்கொள்வார்களாக.

ஒரு சென்டுக்கு 80 கிராம் விதை போதும். புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் உள்ள பயறு ஆராய்ச்சி மையம் 2016-இல் வெளியிட்ட வம்பன் 8 என்னும் இரகம் மஞ்சள் தேமலைத் தாங்குவது. நெற்றுகளும் ஏறக்குறைய ஒருங்கே முதிர்வதால், தறியை விட்டு அடிக்கடி எழுந்து போக இயலாதவர்க்கு ஏற்றது. வரிசைக்கு வரிசை ஓரடி, செடிக்குச் செடி நான்கு அங்குலம் இடம் விடுக. தென்னை, முருங்கை நிழலில் விதைத்தால் கொடி ஓடுமேயன்றிக் காய் பிடிக்காது. விதைத்தவுடன் ஒரு நீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர், பூக்கும் பொழுதும் காய் பிடிக்கும் பொழுதும் தவறாமல் நீர். எப்பொழுதும் தேங்க விடலாகாது. பூக்கத் தொடங்கியதும், லிட்டருக்கு 20 கிராம் வீதம் டி.ஏ.பி. உரத்தை இரவு ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் மறுநாள் மாலையில் தெளித்தல் நலம். பதினைந்து நாள் கழித்து மீண்டும் ஒருமுறை தெளிக்கலாம்.

அறுவடையில் செடியை வேரோடு பிடுங்காமல் அடியில் அறுத்தெடுக்க வேண்டும். வேர் முடிச்சுகளில் உள்ள தழைச்சத்து அடுத்துப் போடும் கீரைக்கு ஆகும்.

பங்குனியில் வெயில் கண்டு காய்ந்த மணியில் ஒரு படியை ஆடி விதைப்புக்கென ஒதுக்குக. கடித்தால் 'டக்'கென்று உடையும் வரை உலர்த்தி, சலித்த அடுப்புச் சாம்பலுடன் கலந்து, மண்பானையில் இட்டு வாயைத் துணியால் இறுகக் கட்டி வைத்தால் வண்டு அணுகாது. மாதம் ஒருமுறை பானையைத் திறந்து பார்த்து, துளை கண்ட மணி இருப்பின் மீண்டும் வெயிலில் போட்டு எடுக்கவும்.