12-ம் 30-ம் சேர்ந்தால் 1230

கடம்பத்தூர்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பைத்தான் புத்தகத்தின் பொருளடக்கத்தை நேற்று இரவே படித்தேன். பழைய பதிப்பில் 12 பாடம், உன் திருத்தத்தில் 19. லாம்டா, டெக்கரேட்டர் எல்லாம் வந்திருக்கின்றன. எதையாவது விட்டால் விஷயம் தெரிந்தவர்கள் குறை சொல்வார்களே என்று பயப்படுகிறாய். அவர்கள் ஒருமுறை புரட்டிப் பார்த்து வைத்துவிடுவார்கள். இதை வைத்துப் படிக்கப்போவது காக்களூர் எஸ்டேட்டில் ஷிப்டு முடித்து வரும் பையன். அவனுக்கு டெக்கரேட்டர் இப்போது வேண்டாம், எடுத்துவிடு.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் பழைய பதிப்பைப் பார்த்து, இரண்டு எண்களைக் கூட்டும் புரோகிராமை என் எதிரிலேயே அடித்தாள். 12 கொடுத்தாள், 30 கொடுத்தாள். 1230 என்று வந்தது. மூன்று தடவை அடித்துப் பார்த்துவிட்டு, "லேப்டாப் கெட்டுப்போச்சா தாத்தா?" என்றாள்.

பைத்தான் 2-ல் இன்புட் எண்ணை எண்ணாகவே தந்தது. அதே புரோகிராம் அன்று 42 காட்டியிருக்கும். பைத்தான் 3-ல் எதைக் கொடுத்தாலும் அது எழுத்தாகத்தான் வரும், இன்ட் போட்டு மாற்ற வேண்டும். 2020 ஜனவரி 1-டன் பைத்தான் 2-க்கான ஆதரவே முடிந்துவிட்டது. பழைய பதிப்பில் பிரிண்டுக்கு அடைப்புக்குறி போட்டுத் திருத்தியவர்கள் இன்புட்டின் இந்த மாற்றத்தைக் கவனிக்கவில்லை. எர்ரர் வந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். இது ஓடுகிறது, தப்பான விடை தருகிறது. நீயும் இன்புட்டை 2-ம் பாடத்திலும் இன்ட்டை 5-ம் பாடத்திலும் வைத்திருக்கிறாய். தரவு வகைகளை நடத்தாமல் எப்படிச் சொல்வது என்று யோசித்திருப்பாய். பரவாயில்லை, இரண்டையும் ஒரே பக்கத்தில் போடு. விளக்கம் பிறகு வரட்டும்.

இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். சி பிளஸ் பிளஸ் மொழிக்கு 1998-ல் தரநிலை வந்து, ஐஓஸ்ட்ரீமுக்குப் பின்னால் இருந்த '.எச்' போய்விட்டது. அதற்குப் பிறகும் எத்தனையோ வருடம் டர்போ சி-யின் நீலத் திரையில் பழைய வடிவத்தையே நடத்தினேன். என்னிடம் படித்த பிள்ளைகள் வேலைக்குப் போய்ப் புதிய கம்பைலரில் உட்கார்ந்தபோது முதல் வரியே நின்றது. அவர்கள் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. 2019-ல் பிளஸ் டூ புத்தகமே பைத்தானுக்கு மாறியது. மாறுகிற பொருளைத்தான் நாம் அச்சடிக்கிறோம்.

எர்ரருக்கு ஒரு பாடம் கண்டிப்பாக வேண்டும், அதுவும் 3-ம் பாடமாகவே. இஃப் வரியில் முக்காற்புள்ளியை விட்டால் பைத்தான் 3.10 முதல் அதையே கேட்கிறது. முந்தைய பதிப்புகளில் 'சிண்டாக்ஸ் சரியில்லை' என்பதோடு சரி. இரண்டையும் படமாகப் போட்டுக் காட்டு.

டிடிபி-யில் மேற்கோள் குறிகளை அழகுக்காக வளைத்துவிடுவார்கள். பிடிஎஃப்-பிலிருந்து பிள்ளைகள் அதை எடுத்து ஒட்டினால் பைத்தான் ஏற்காது. வரிக்கு முன்னால் விட்ட இடமும் அச்சில் நகரும். பக்கம் பக்கமாகப் பார்.

புரூஃப் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரக்கோணம் லோக்கலில் ஏறி வா. அந்தப் பெண்ணை உட்காரவைத்து ஒவ்வொரு புரோகிராமையும் அடிக்கச் சொல்லலாம். அவள் கேட்கும்வரை நீ வாய் திறக்காதே. எங்கே நிற்கிறாள் என்று மட்டும் குறித்துக்கொள்.

அன்புடன்,
உன் வாத்தியார்