புயலுக்குப் பின் நச்சுத் தழைகளிலிருந்து கால்நடைகளைக் காத்தல்

புயல் ஓய்ந்ததும் நாம் முதலில் கூரையையும் பயிரையும் பார்க்கிறோம். கொட்டிலில் நிற்கும் மாட்டின் பசியை அதன் பிறகே நினைக்கிறோம். வைக்கோற்போர் நனைந்து, மேய்ச்சல் நிலம் நீரில் மூழ்கியிருக்கும் அந்நாட்களில், கால்நடை வழக்கமாக முகர்ந்து ஒதுக்கும் தழையையும் தின்றுவிடும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கஜாப் புயல் கரை கடந்தபோது, தெருவெங்கும் மரங்களும் வேலிகளும் சாய்ந்து கிடந்தன. இத்தகைய புயலுக்குத் தப்பிய மாட்டை ஒரு கட்டுத் தழைக்குப் பறிகொடுக்கலாமா?

அரளி

அரளியின் இலை, பூ, பட்டை, வேர் அனைத்தும் நஞ்சே. அது இதயத்தைத் தாக்கும். இலை காய்ந்தாலும் நஞ்சு குறையாது. கசப்புக் குறைவதால் கால்நடை அதனை விரும்பித் தின்னக்கூடும். மஞ்சள் அரளியும் அத்தகையதே. இவற்றின் இலைகள் ஊறிய நீரும் தீங்கு செய்யும்.

மரவள்ளியும் சோளமும்

மரவள்ளி இலை கசங்கும்போது சயனைடு என்னும் கொடிய நஞ்சு வெளிப்படுகிறது. ஆகவே, காற்றில் முறிந்த மரவள்ளியைப் பச்சையாகப் போடலாகாது. முறிந்த சோளத்தின் அடியிலிருந்து புதிதாகத் துளிர்க்கும் இளங்குருத்திலும் இந்நஞ்சு மிகுதி. ஆடுமாடுகளின் இரைப்பையில் இது விரைந்து வேலை செய்யும். சில நிமிடங்களில் மூச்சுத் திணறலும் வலிப்பும் தோன்றலாம்.

வண்டிக் குதிரை வைத்திருப்போர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. அரளியும் ஆமணக்கு முத்தும் அதற்கு மிகக் கொடியவை. பூஞ்சணம் பிடித்த வைக்கோலும் ஆகாது.

ஊராட்சியின் கடமை

1. மரம் வெட்டும் குழுவினர் அரளிக் கிளைகளைத் தனியே ஒதுக்குக. அவற்றைத் தெருவோரத்திலோ குளக்கரையிலோ குவிக்க வேண்டா; எரித்தால் புகையும் நஞ்சாகும். ஆழக் குழி வெட்டிப் புதைப்பதே நன்று.

2. தண்ணீர்த் தொட்டிகளில் விழுந்த இலைகளை நீக்கி, புதுநீர் நிரப்புக.

3. மேயவிடுமுன் வேலியோரத்தைச் சுற்றிப் பார்த்து வருக. கொட்டிலிலேயே சிறிது உலர்தீவனம் அளித்து, பசி ஆற்றிய பின்னரே அவிழ்த்து விடுக.

4. புயல் காலம் தொடங்குமுன்பே, ஒவ்வொரு வீட்டாரும் சில நாள் வைக்கோலை மேடான இடத்தில் நனையாமல் சேமிக்குமாறு கிராம சபையில் எடுத்துரைக்க.

நோய் கண்டால்

மாடு தள்ளாடினாலோ, நுரை தள்ளினாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே தீவனத்தை அகற்றுக. வலிப்புள்ள மாட்டின் வாயில் எண்ணெயோ மருந்தோ ஊற்றினால் அது நுரையீரலுக்குள் சென்றுவிடும். 1962 என்னும் கட்டணமில்லா எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். தின்ற தழையின் ஒரு கொத்தை எடுத்து வைத்து மருத்துவரிடம் காட்டுக. சயனைடு நஞ்சுக்கு ஊசி மருந்து உண்டு. ஆனால் அது காலத்தில் கிட்ட வேண்டும்.

ஏழை உழவனுக்கு ஒரு கறவை மாடே குடும்பத்தின் நாள்வருவாய். பசித்த மாட்டுக்கு இரக்கப்பட்டு அண்டைவீட்டார் போடும் தழையும் அதன் உயிரைக் குடிக்கலாம். அரளியையும் மரவள்ளியையும் அடையாளம் காட்டி, ஊரார் ஒவ்வொருவருக்கும் இதனை எடுத்துரைப்பது நம் அனைவரின் பொறுப்பாகும்.