வராத செய்தியைத் தேடுவோம்

நாளிதழ் வாசிப்பு வகுப்பில் 7, 500 என்ற இரு எண்களைக் கரும்பலகையில் எழுதுகிறேன்.

1982இல் சிகாகோவில் நஞ்சு கலந்த மாத்திரையால் 7 பேர் இறந்தனர். உடனே முதல் பக்கச் செய்தியானது. 1981 ஜூனில் அமெரிக்காவில் அறியப்பட்ட எய்ட்ஸ், நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்துக்கு வந்தது 1983 மே மாதத்தில். அதற்குள் 500 பேருக்கு மேல் இறந்திருந்தனர்.

"ஏன் இந்த வேறுபாடு?" எனக் கேட்கிறேன். மாத்திரை எல்லார் வீட்டிலும் இருந்தது. எய்ட்ஸோ தொடக்கத்தில், சமூகம் ஒதுக்கிய தன்பாலீர்ப்பு ஆண்களிடமே பெரும்பாலும் காணப்பட்டது. 1987இல் நியூயார்க்கில் தொடங்கிய 'ஆக்ட் அப்' அமைப்பினர் தெருவில் இறங்கிப் போராடினர். 1991 ஜனவரியில் சிபிஎஸ் தொலைக்காட்சியின் நேரலைச் செய்திக்குள்ளேயே புகுந்து முழங்கினர்.

செயல்பாடு: உலகில் காசநோயாளிகள் மிகுதியாக உள்ள நாடு இந்தியா. ஒரு வார நாளிதழ்களில் காசநோய்ச் செய்திகளை மாணவர்கள் எண்ணட்டும். விடுபட்டதைச் சுட்டி, இதழாசிரியருக்குக் கடிதம் எழுதட்டும்.