மாயாவி மறைய வேண்டும், கை மட்டும் தெரிய வேண்டும்!

"சித்தப்பா, மாயாவி மறைஞ்சாச்சு. ஆனா வயலும் சேர்ந்து மறைஞ்சு போச்சு!"

என் அண்ணன் மகன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இப்படிக் கத்தியபோது எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. மானிட்டரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டு நாள் வெயிலில் எடுத்த படம். மேலே கொஞ்சம் வானம், நடுவில் ஒரு வெள்ளிக் கை, மற்றதெல்லாம் கறுப்பு.

நடந்தது இதுதான். எங்கள் தெருப் பையன்கள் ஐந்து பேர் சேர்ந்து இரும்புக்கை மாயாவியை வைத்து ஐந்து நிமிடப் படம் எடுக்கக் கிளம்பினார்கள். திருவையாற்றுக்குப் பக்கத்தில் எங்கள் வயலில் சம்பாப் பயிர் நன்றாகப் பச்சை கட்டியிருந்த நேரம். சினிமாக்காரர்கள் பச்சைத் துணி பயன்படுத்துவார்கள் என்று கேள்விப்பட்டு, நடிக்கிற பையனுக்குப் பச்சைத் துணியைச் சுற்றி வரப்பில் நடக்க விட்டோம். கம்ப்யூட்டரிடம் "பச்சையை எடு" என்றோம். அது எடுத்தது. எல்லாப் பச்சையையும் எடுத்தது!

கம்ப்யூட்டர் வாங்கி ஓரிரு மாதம்தான் ஆகிறது என்பவர்களும் இந்த வித்தையைச் செய்யலாம். எங்களைப் போல இரண்டு நாளை வீணாக்காமல் செய்வது எப்படி என்பதே இந்த மாதப் பாடம்.

மாயாவி முதலில் வில்லன்தான்

சிவகாசியிலிருந்து 1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் புத்தகமே 'இரும்புக்கை மாயாவி'. இதன் மூலம் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' வார இதழில் 1962-ல் வெளிவந்த 'தி ஸ்டீல் கிளா' என்ற தொடர். வலது கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்ட லூயிஸ் கிராண்டேல், ஆய்வுக்கூட விபத்தில் மின்சாரம் தாக்கி உருவம் மறைகிறான். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். பிற்பாடு அவன் நிழற்படை உளவாளியாகி நல்லவனாகிவிட்டதால் பலர் மறந்துவிட்டார்கள். முதல் கதையில் அவன் திருடன்; நியூயார்க் நகரத்தையே மிரட்டுகிறவன். பையன்களுக்குப் பிடித்ததும் அந்த மாயாவிதான். ரசிகர்கள் வில்லனைத் தேடிப் போவது புதிதல்ல. லயன் காமிக்ஸின் ஸ்பைடரும் குற்றவாளிகளின் மன்னனாக அறிமுகமானவன்தானே!

வீட்டுக் கம்ப்யூட்டர்காரர்களுக்கு இந்த மாயாவி ஒரு வகையில் வசதி. பறக்க வேண்டாம், கட்டடம் இடிய வேண்டாம். ஒரு ஆளை மறைத்தால் போதும்.

மாலேகாவ்காரர்கள் செய்தது

"இதெல்லாம் நம்மால் ஆகுமா?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் ஊர் மாலேகாவ். மகாராஷ்டிராவில் நாசிக் மாவட்டத்தில் இருக்கிறது. விசைத்தறி ஊர். அங்கே வீடியோ பார்லர் வைத்திருந்த நசீர் ஷேக், 2000-ல் 'ஷோலே' படத்தைக் கேலி செய்து 'மாலேகாவ் கே ஷோலே' எடுத்தார். குதிரைக்குப் பதில் கொள்ளைக்காரர்கள் சைக்கிளில் வந்தார்கள். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்து சூப்பர்மேன் மேல் கை வைத்தார்கள்.

சூப்பர்மேனாக நடித்தவர் ஷஃபீக் ஷேக் என்ற ஒல்லியான தறித் தொழிலாளி. வில்லனை அவர்கள் அமெரிக்க காமிக்ஸிலிருந்து எடுக்கவில்லை. புகையிலையால் ஊரைக் கெடுக்கிறவனை வில்லனாக்கினார்கள். அழுக்கும் எச்சிலும் அவனுக்கு ஆனந்தம்! பறக்கும் காட்சிக்குப் பச்சைத் துணியை லாரியின் பக்கவாட்டில் கட்டி, அதன் முன் ஷஃபீக்கைப் படுக்கை வசமாக நிறுத்திப் படம் பிடித்தார்கள். நடுவில் கேமரா தண்ணீரில் விழுந்தது. அதைப் பழுது பார்த்துத் தொடர்ந்தார்கள். இந்தக் கூத்தையெல்லாம் ஃபைசா அகமது கான் 'சூப்பர்மென் ஆஃப் மாலேகாவ்' என்ற ஆவணப்படமாக எடுத்தார். அது 2012-ல் இந்தியத் தியேட்டர்களுக்கும் வந்தது. இவர்கள் கதையை வைத்து 'சூப்பர்பாய்ஸ் ஆஃப் மாலேகாவ்' என்ற இந்திப் படம் 2025-ல் வெளியானது.

புகையிலை வில்லனோடு மோதிய ஷஃபீக் பின்னர் புற்றுநோயால் இறந்துபோனார். அந்த ஆவணப்படத்தைப் பார்க்கும்போது அது நினைவுக்கு வராமல் இருக்காது.

சரி, நம் பாடத்துக்கு வருவோம்.

கம்ப்யூட்டர் எப்படி மறைக்கிறது?

வீடியோ என்பது வேகமாக மாறும் போட்டோக்கள். ஒவ்வொரு போட்டோவும் பல லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள், 0 முதல் 255 வரை. சுத்தமான நீலம் என்றால் 0, 0, 255. நாம் ஒரு நிறத்தைக் காட்டி "இந்த எண்ணுக்கு நெருக்கமான புள்ளிகளை ஓட்டையாக்கு" என்கிறோம். ஓட்டை வழியாக, கீழே வைத்திருக்கும் இன்னொரு வீடியோ தெரிகிறது. இதன் பெயர் குரோமா கீ. அதற்கு ஆள் தெரியாது, துணி தெரியாது. எண் மட்டும்தான் தெரியும்.

இப்போது எங்கள் தவறு புரிந்திருக்கும். ஒன்றல்ல, இரண்டு தவறு. ஓட்டைக்குக் கீழே நாங்கள் எதையும் வைக்கவில்லை. அதனால் கறுப்பு. மறுநாள் காலியான வயலைப் படம் பிடித்துக் கீழே வைத்துப் பார்த்தோம். வெயில் வேறு, நிறம் வேறு. பச்சையை எடுக்கச் சொன்னதால் பயிரில் அங்கங்கே ஓட்டை விழுந்து, காற்றில் ஆடும் நாற்றெல்லாம் கொதிக்கிற மாதிரி துடித்தது. பச்சைத் துணி ஸ்டுடியோவுக்குச் சரி. தஞ்சாவூர் வயலுக்குச் சரிவராது. இங்கே நீலம்தான்.

படம் பிடிக்கும்போது

போன் கேமராவே போதும். ஆனால் அதை ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்துங்கள். ஸ்டாண்டு இல்லையென்றால் நெல் மூட்டை மேல் வைத்து இரண்டு செங்கல்லால் அணை கட்டுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். முதலில் யாரும் இல்லாத இடத்தை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். போனைத் தொடாமல், உடனே நடிகரை அனுப்பிக் காட்சியை எடுங்கள். இரண்டுக்கும் நடுவில் மேகம் வந்தால் வெளிச்சம் மாறிவிடும். மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டியதுதான். பல போன்களில் திரையை விரலால் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் வெளிச்சமும் ஃபோகஸும் பூட்டிக்கொள்ளும். அதைக் கட்டாயம் செய்யுங்கள்.

துணி பளபளக்காத பருத்தியாக, அடர் நீலமாக, பூவோ கோடோ இல்லாமல் இருக்கட்டும். முழுக்கைச் சட்டை ஒன்று தைத்தால் போதும். முகத்தை மூடவே வேண்டாம் (ஏன் என்று பிறகு சொல்கிறேன்). துணியை முகத்தில் கட்டிக்கொண்டு வரப்பில் நடப்பது மூச்சுக்கும் காலுக்கும் ஆபத்து.

கைக்கு அலுமினியத் தாள் சுற்றாதீர்கள். அது கண்ணாடி போல நீலச் சட்டையைப் பிரதிபலிக்கும். கம்ப்யூட்டர் கையிலும் ஓட்டை போட்டுவிடும். பருத்திக் கையுறைக்கு இரும்புக் கேட்டுக்கு அடிக்கும் வெள்ளிப் பெயிண்ட் அடித்து நன்றாகக் காய விட்டுப் போடுங்கள்.

இடம் முக்கியம். ஆடாத பின்னணியாகப் பாருங்கள். மதகுச் சுவர், கோயில் மதில், திண்ணை எல்லாம் சரி. வயல்தான் வேண்டுமென்றால் பொங்கலையொட்டி அறுவடை முடிந்ததும் தாள் மட்டும் நிற்கும் வயலில் எடுங்கள். நாங்கள் இரண்டாம் முறை அப்படித்தான் எடுத்தோம். காலை ஏழு மணிக்கு, காற்று எழும்புவதற்கு முன்.

கம்ப்யூட்டரில்

முன்பெல்லாம் விண்டோஸோடு மூவி மேக்கர் வந்தது. 2017 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அதைக் கொடுப்பதை நிறுத்திவிட்டது. நான் பயன்படுத்துவது ஷாட்கட். இலவசம், ஓப்பன் சோர்ஸ். அதன் சொந்த வெப்சைட்டான ஷாட்கட் டாட் ஆர்க்கிலிருந்து மட்டும் இறக்குங்கள். வேறு இடங்களில் கிடைப்பதில் வைரஸ் ஒட்டிக்கொண்டு வரலாம்.

டி டிரைவில் 'மாயாவி' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி எல்லா வீடியோவையும் அதில் காப்பி செய்யுங்கள். ஷாட்கட்டில் நீங்கள் சேமிக்கும் புராஜெக்ட் ஃபைலில் வீடியோ இருக்காது. வீடியோ எங்கே இருக்கிறது என்ற முகவரி மட்டுமே இருக்கும். பென் டிரைவில் வைத்து வேலை செய்துவிட்டு அதைப் பிடுங்கினால் படம் காணாமல் போகும். புதியவர்களில் பாதிப் பேர் அழுவது இங்கேதான்.

டைம்லைனில் ஒரு வீடியோ டிராக்கின் மேல் இன்னொன்றைச் சேருங்கள். கீழே காலி இடம், மேலே நடிகர். மேல் கிளிப்பைத் தேர்ந்தெடுத்து 'ஃபில்டர்ஸ்' பகுதியில் கூட்டல் குறியைக் கிளிக் செய்து, முதலில் 'க்ராப்: ரெக்டேங்கிள்' போடுங்கள். கையும் அதையொட்டிய சட்டையும் மட்டும் உள்ளே வருமாறு கட்டத்தைச் சுருக்குங்கள். கட்டத்துக்கு வெளியே இருந்த தலை, கால், தரையில் விழுந்த நிழல் எல்லாம் போய், கீழே இருக்கும் காலி இடம் தெரியும். முகத்தை மூட வேண்டாம் என்றது இதற்காகத்தான். கை நகரும் வழி முழுவதும் கட்டத்துக்குள் இருக்கிறதா என்று ஓட்டிப் பாருங்கள். கை முகத்துக்கு நேரே போகக் கூடாது என்று நடிகரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

அடுத்து 'குரோமா கீ: சிம்பிள்'. நிறம் எடுக்கும் கருவியால் நீலச் சட்டையைத் தொடுங்கள். 'டிஸ்டன்ஸ்' என்ற அளவை மெதுவாகக் கூட்டுங்கள். சட்டை மறையும். இன்னும் கூட்டினால் கையும் கரையத் தொடங்கும். அதற்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். கை ஓரத்தில் நீலக் கறை தெரிந்தால் 'கீ ஸ்பில்: சிம்பிள்' ஃபில்டரைச் சேர்க்கலாம். கடைசியில் 'எக்ஸ்போர்ட்' கொடுத்தால் எம்பி4 ஃபைல் கிடைக்கும்.

மின்சாரம் நிஜமாக வேண்டாம்

மாயாவி மறைய ஷாக் அடிக்க வேண்டும் அல்லவா? பையன்கள் அதைப் பம்புசெட் கொட்டகையில், ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து வைத்து எடுக்கத் திட்டம் போட்டிருந்தார்கள். "கரண்ட் இல்லாத நேரத்துலதான் எடுப்போம் சித்தப்பா" என்றான். வயலுக்கு எப்போது கரண்ட் வரும் என்று யாருக்குத் தெரியும்? அதுவும் மும்முனை மின்சாரம், கீழே ஈரத் தரை. கொட்டகைச் சாவியை வாங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பையன் சுவரைத் தொடுவது போல எடுத்து, அந்த இடத்தில் இரண்டு ஃபிரேமுக்கு வெறும் வெள்ளைத் திரை வைத்தோம். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் 0.08 நொடி. கூடவே 'டப்' என்று ஒரு சத்தம். எங்கள் அண்ணி நிஜமாகவே பதறிப் போனார்.

மாயாவி யாருடையவன்?

ஸ்டீல் கிளாவும் ஸ்பைடரும் இன்று இங்கிலாந்தின் ரெபெல்லியன் நிறுவனத்தின் உடைமை. வீட்டில் எடுத்து வீட்டாருக்குக் காட்டும் படத்தை யாரும் தேடி வரப்போவதில்லை. ஆனால் டிக்கெட் போட்டுக் காட்டுவதும், சிடியோ பென் டிரைவோ விற்பதும், விளம்பரம் வாங்குவதும் வேறு விஷயம். "இலவசமாகத்தானே போடுகிறோம்" என்பதும் சட்டப்படி அனுமதி ஆகிவிடாது. மாலேகாவ்காரர்களைப் போல சொந்த ஊர் வில்லனை உண்டாக்கினால் இந்தக் கவலை வெகுவாகக் குறையும்.

இதைச் சொன்னதும் பையன்கள் இரண்டு நாள் யோசித்தார்கள். இப்போது அவர்களுடைய அடுத்த வில்லன் ராத்திரியில் காவிரி மணலைத் திருடுகிறவன். வெள்ளிக் கைக்குப் பதில் இரும்பு மண்வெட்டி. ஆற்றுக்குள் நின்று அவன் சிரிக்கிற சிரிப்பைப் பதிவு செய்து வந்தார்கள். போட்டுக் கேட்டால் சிரிப்பே இல்லை. மைக்கில் அடித்த காற்றுச் சத்தம்தான் இருக்கிறது. அதை ஒழிப்பது எப்படி என்று அடுத்த மாதம் பார்ப்போம்.